பகல் வானில் அடையாளம் தெரியாத பொருள்: அறிகுறியை வைத்துச் சரிபார்க்கும் வழி

பொருள் இன்னும் வானத்தில் தெரிகிறதா? அப்படியானால் கீழே உள்ள முதல் பகுதியை மட்டும் படித்து அதில் சொன்னதைச் செய்துவிடுங்கள். மற்றதை அது மறைந்த பிறகு ஆற அமரப் படிக்கலாம். இந்தச் சில நிமிடங்களில் குறித்துக்கொள்ளாததைப் பிறகு யாராலும் மீட்டுத் தர முடியாது. என்னிடம் வரும் வீடியோக்களில் பெரும்பாலானவற்றுக்கு விடை சொல்ல முடியாமல் போவது பொருள் மர்மமானது என்பதால் அல்ல. எந்தத் திசை, எவ்வளவு உயரக் கோணம், எத்தனை மணி என்று யாரும் எழுதி வைக்கவில்லை, அதனால்தான்.

முதல் ஐந்து நிமிடம்

நின்ற இடத்திலேயே நில்லுங்கள். மின்கம்பம், மொட்டைமாடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி என அசையாத ஏதாவது ஒன்றின் ஓரத்தை ஒட்டி அந்தப் பொருள் தெரியும்படி தலையை வைத்துக்கொள்ளுங்கள். வெறும் வானத்தில் ஒற்றைப் புள்ளியை உற்றுப் பார்த்தால் அது ஆடுவது போலவும் நழுவுவது போலவும் தோன்றும். அந்த அசைவு கண்ணுடையது, பொருளுடையது அல்ல. பக்கத்தில் கம்பம் இருந்தால் அந்த மயக்கம் வராது.

மணி பார்த்து எழுதுங்கள். திசைகாட்டிச் செயலியில் திசையை டிகிரியில் குறியுங்கள். இரும்புக் கைப்பிடிக்குப் பக்கத்தில் போனை வைத்தால் முள் தப்பாகக் காட்டும். அடுத்து உயரக் கோணம். கையை முழுவதும் நீட்டினால் சுண்டுவிரலின் அகலம் ஏறக்குறைய 1 டிகிரி, மூடிய முட்டி 10 டிகிரி, விரித்த சாண் 20 டிகிரி. அடிவானத்திலிருந்து எத்தனை சாண், எத்தனை முட்டி என்று எண்ணினால் போதும். ஐந்து நிமிடம் கழித்து இந்த மூன்றையும் மறுபடி எடுங்கள்.

வீடியோவை ஜூம் செய்யாமல் தொடங்குங்கள். சுவரோ மரமோ படத்துக்குள் இருக்கட்டும். அப்படிப் பத்து விநாடி எடுத்த பிறகு வேண்டுமானால் பெரிதாக்கலாம். ஜூம் செய்த படம் அழகாக இருக்கும். ஆனால் விசாரணைக்கு உதவுவது ஜூம் செய்யாத அந்தப் பத்து விநாடிதான்.

"எவ்வளவு பெரிசு? எவ்வளவு உயரத்துல?" என்று மட்டும் கேட்காதீர்கள், கேட்டாலும் பதில் சொல்லாதீர்கள். 30 செ.மீ. அகலமுள்ள பிறந்தநாள் பலூன் 150 மீட்டர் தொலைவில் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, 60 மீட்டர் அகலமுள்ள ஆராய்ச்சி பலூன் 30 கிலோமீட்டர் தொலைவில் அதே அளவுதான் தெரியும். ஒரு புள்ளியைப் பார்த்துத் தொலைவைச் சொல்லும் திறன் மனிதக் கண்ணுக்குக் கிடையாது, பார்ப்பவர் விமானியாக இருந்தாலும் சரி.

தொலைவு தெரிந்தே ஆக வேண்டுமென்றால் அதற்கு ஒரு வழி உண்டு. ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தெரிந்தவரைப் போனில் கூப்பிட்டு அதே பொருளைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கு அது நேர் உச்சியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொருள் 150 மீட்டர் உயரத்தில் இருந்தால் அவருக்கு அது அடிவானத்தை ஒட்டி, ஒரு முட்டி உயரத்துக்கும் கீழே கிடக்கும். வீடுகள் மறைத்து அவருக்குத் தெரியாமலே போகலாம். 2 கிலோமீட்டர் உயரம் என்றால் உச்சியிலிருந்து 27 டிகிரி சாய்ந்து தெரியும். 30 கிலோமீட்டர் என்றால் சாய்வு வெறும் 2 டிகிரி. கோள் என்றால் துளியும் மாறாது. ஒரு போன் அழைப்பு மொத்த வழக்கையும் பாதியாகக் குறைத்துவிடும்.

எச்சரிக்கை: சூரியனுக்கு அருகில் தெரியும் எதையும் பைனாகுலரில் தேடாதீர்கள். கட்டடத்தின் நிழலுக்குள் நின்று, சூரியன் முழுவதும் மறைந்த பிறகே அண்ணாந்து பார்க்க வேண்டும். குழந்தைகள் கூட இருந்தால் இதை முதலில் சொல்லுங்கள்.

அறிகுறி 1: "வெள்ளையா ஒரு புள்ளி, ரொம்ப நேரமா அதே இடத்துல நிக்குது"

அதிகம் வரும் புகார் இது. விடைகளும் இதில்தான் அதிகம், அதனால் சற்று நிதானமாகப் போவோம்.

முதலில் வெள்ளிக் கோளைக் கழித்துவிடுங்கள். பட்டப்பகலில் வெள்ளி தெரியுமா என்று பலர் நம்ப மறுக்கிறார்கள். இடம் தெரிந்தால் தெளிவான நீல வானத்தில் வெறும் கண்ணுக்கே தெரியும். வெள்ளி சூரியனிலிருந்து 47 டிகிரிக்கு மேல் விலகிப் போகவே முடியாது. ஆகவே உங்கள் புள்ளி சூரியனிலிருந்து இரண்டரைச் சாணுக்கு அப்பால் இருந்தால் அது வெள்ளி அல்ல. உள்ளே இருந்தால், எந்த நேரத்து வானத்தையும் காட்டும் ஸ்டெல்லேரியம் செயலியில் உங்கள் ஊரையும் நேரத்தையும் கொடுத்துப் பாருங்கள். அடுத்த சோதனை அசைவு. வானத்தோடு சேர்ந்து வெள்ளியும் மணிக்கு 15 டிகிரி நகரும். கம்பத்தை ஒட்டி வைத்த புள்ளி ஐந்து நிமிடத்தில் ஒரு சுண்டுவிரல் அகலத்துக்குச் சற்று மேல், சூரியன் போகும் போக்கிலேயே நகர்ந்திருந்தால் அது வான்பொருள். கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் காணோம் என்று சொல்வதும் வெள்ளிக்குப் பொருந்தும். பிடிமானம் இல்லாத வெறும் வானத்தில் கண் சில மீட்டர் தூரத்திலேயே குவியத்தை வைத்துக்கொள்கிறது. அதனால் நுண்ணிய புள்ளி கரைந்துபோகும். அது எங்கும் பறந்து போகவில்லை.

பழகிய கண்களும் இதில் தடுமாறும். 2012-இல் லடாக்கில் பாங்காங் ஏரிப் பக்கம் எல்லைக் காவலில் இருந்த படையினர் ஒளிரும் பொருள்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் பதிவு செய்தார்கள். உளவு விமானமோ என்ற கவலை எழுந்தது. நம் காவலூர் வான்நோக்ககத்தை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஆராய்ந்து, அவை வெள்ளியும் வியாழனும் என்று கண்டார்கள். அவை இருட்டு நேரத்துக் காட்சிகள். பகலில் வியாழனுக்கு வேலையில்லை, வெள்ளி ஒன்றுதான்.

வெள்ளி இல்லை என்றானதும் பலூன். இங்கேதான் ஐதராபாத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு பலூன் தளம் வைத்திருக்கிறது. மெல்லிய பாலித்தீன் தாளால் ஆன பிரம்மாண்டமான பலூன்கள் அறிவியல் கருவிகளோடு 30 கிலோமீட்டருக்கும் மேலே போய் மணிக்கணக்கில் மிதக்கும். சூரிய ஒளி பட்டால் பளிச்சென்ற வெள்ளை. பைனாகுலரில் பார்த்தால் உருண்டையாகவோ கண்ணீர்த்துளி வடிவிலோ தெரியும், சில வேளை உள்ளே ஊடுருவிப் பார்க்கிற மாதிரி கண்ணாடித்தனம் இருக்கும். தெலங்கானாவிலும் அதை ஒட்டிய கர்நாடக, மகாராஷ்டிர மாவட்டங்களிலும் இதைப் பார்த்துக் கூட்டம் கூடுவது வழக்கம். 35 கிலோமீட்டர் உயரத்தில் மிதக்கும் பலூன் 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரிலும் அடிவானத்துக்கு மேல் 9 டிகிரியில், ஒரு முட்டி உயரத்தில் நிற்கும். அதனால்தான் ஒரே நேரத்தில் பல மாவட்டங்களிலிருந்து புகார் வருகிறது. எல்லாரும் தங்கள் ஊருக்கு மேலே நிற்கிறது என்றே சொல்வார்கள்.

உயரத்தைக் கண்டுபிடிக்க மாலை நேரம் ஒரு கடிகாரத்தையே கையில் கொடுக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். சூரியன் நமக்கு மறைந்த பிறகும் உயரத்தில் உள்ள பொருளுக்கு வெயில் அடித்துக்கொண்டே இருக்கும். நம் ஊர் அகலாங்கில், உச்சிக்குப் பக்கத்தில் உள்ள பொருள் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால் சூரிய மறைவுக்குப் பின் ஏறக்குறைய 25 நிமிடம் ஒளிரும், பிறகு சிவந்து அணையும். பயணிகள் விமானம் பறக்கும் 11 கிலோமீட்டர் என்றால் 13 நிமிடம் போல. கல்யாண மண்டபத்திலிருந்து தப்பி வந்த பலூனுக்கு அடுத்த ஓரிரு நிமிடத்திலேயே வெயில் போய்விடும். ஒரு கருவியும் தேவையில்லை. அணைந்த நேரத்தைக் குறித்தால் போதும்.

மூன்றாவதாக வானிலை பலூன். சென்னை மீனம்பாக்கத்திலிருந்தும் காரைக்காலிலிருந்தும் இந்திய வானிலைத் துறை ரேடியோசோண்ட் (மேல்காற்றை அளந்து வானொலியில் அனுப்பும் சிறு கருவி) பலூன்களை அனுப்புகிறது. உலகெங்கும் இவற்றுக்குக் குறித்த பொது நேரம் நம் நேரப்படி காலை 5.30, மாலை 5.30. அதற்குச் சற்று முன்னதாகவே பறக்கவிடுவார்கள். நிமிடத்துக்கு 300 மீட்டர் போல ஏறி, 30 கிலோமீட்டரை ஒட்டிய உயரத்தில் வெடித்துவிடும். புகார் விடியலையோ மாலை ஐந்து மணியையோ ஒட்டி வந்து, பொருள் ஏறிக்கொண்டே சிறுத்துக் காணாமல் போனது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

இந்த இடத்தில் ஒரு பழைய வழக்கை மறக்கக் கூடாது. 1948 ஜனவரி 7, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம். பிற்பகலில் காட்மன் ஃபீல்ட் விமானதளத்திலிருந்து வானில் ஒரு வெள்ளைப் பொருள் தெரிந்தது. அப்போது அந்தப் பக்கம் பறந்துகொண்டிருந்த கேப்டன் தாமஸ் மான்டெலைப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். உலோகம் போலத் தெரிகிறது, மிகப் பெரியது என்று சொன்னபடியே அவர் ஏறினார். அவர் விமானத்தில் ஆக்சிஜன் இல்லை. 20,000 அடிக்கு மேல் நினைவிழந்து, விமானம் விழுந்து இறந்தார். வயது 25. விமானப்படை முதலில் சொன்ன விளக்கம் வெள்ளிக் கோள். திசை ஒத்துப்போனது, ஆனால் அன்றைக்கு அப்படிக் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் அதற்கு இல்லை. கடற்படை அப்போது கமுக்கமாக விட்டுக்கொண்டிருந்த ஸ்கைஹுக் என்ற மிகை உயர பலூன்தான் அது என்பது பின்னாளில் பெரும்பாலானோர் ஏற்ற விளக்கம். அதை எந்த விமானத்தாலும் எட்டியிருக்க முடியாது. தொலைவு தெரியாத ஒன்றைத் துரத்தியதற்கு ஓர் உயிர் விலையானது. அவசரமாகச் சொன்ன முதல் விளக்கம் மக்களின் நம்பிக்கையையும் கெடுத்தது. ஓர் அடையாளத்தில் ஒத்துப்போனதும் வழக்கை மூடாமல், திசை, ஒளி, அசைவு மூன்றும் சேர்ந்து பொருந்துகிறதா என்று பாருங்கள்.

அறிகுறி 2: "காத்துக்கு எதிர்த் திசையில போச்சு, அப்போ அது பலூன் இல்ல"

கீழ்க்காற்று ஒரு பக்கம், மேல்காற்று இன்னொரு பக்கம் என்பது நம் ஊரில் விதிவிலக்கல்ல, மழைக்காலத்து நடைமுறை. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தாழ்ந்த மேகங்கள் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும். அதே வேளையில் 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு வேகக் காற்றோட்டம் தென்னிந்தியாவுக்கு மேலே பாயும். மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். இந்திய வானிலை அறிஞர் கோட்டீஸ்வரம் இதை 1958-இல் விளக்கி எழுதினார். அந்த உயரத்தில் மிதக்கும் பலூன் தாழ்மேகங்களுக்கு நேர் எதிராகத்தான் போகும். கீழே நிற்பவருக்கு இஞ்சின் வைத்த ஏதோ ஒன்று காற்றைக் கிழித்துப் போவது போலத் தெரியும்.

விண்டி செயலியில் உயரத்தை மாற்றி மாற்றிக் காற்றின் திசையைப் பார்க்கலாம். பொருள் போன திசையோடு எந்த உயரத்துக் காற்று ஒத்துப்போகிறது என்று தேடுங்கள். ஒன்று பொருந்தினால் உங்களுக்கு ஒரே நேரத்தில் இரண்டு விடை கிடைக்கிறது: அது மிதக்கும் பொருள் என்பதும், அதன் உயரமும். எந்த உயரத்திலும் பொருந்தாவிட்டால் தானாக இயங்கும் பொருள், பறவை, டிரோன் என்ற பக்கம் போக வேண்டும்.

அறிகுறி 3: "வெள்ளித் தட்டு மாதிரி கூட்டமா மின்னிச்சு, சட்டுனு மறைஞ்சிடுச்சு, திரும்ப வந்துச்சு"

பறவைகள். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை போன்றவை வெயில் ஏறிய பிறகு வெப்பக் காற்றில் சிறகை அசைக்காமல் வட்டமிட்டு மிக உயரே போய்விடும். வயிற்றுப் பக்கம் வெயில் படும் கணத்தில் பளீர் வெள்ளை. திரும்பியதும் வானத்தின் நிறத்தோடு கலந்து காணாமல் போகும். மொத்தக் கூட்டமும் ஒன்றாகத் திரும்புவதால் ஒன்றாகவே மறைந்து ஒன்றாகவே தோன்றும். வேடந்தாங்கல், கரிக்கிலி, கூந்தன்குளம் பக்கம் நவம்பரிலிருந்து வரும் புகார்களுக்கு இதை முதலில் பாருங்கள். மறைந்து தோன்றும் இடைவெளியை எண்ணுங்கள். ஒரே சீரான இடைவெளி இருந்தால் அது வட்டம் போடுகிறது என்று அர்த்தம்.

1952 ஜூலை 2 அன்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் டிரெமன்டன் ஊருக்கு அருகே கடற்படைப் புகைப்படக்காரர் டெல்பர்ட் நியூஹவுஸ் இப்படி ஒரு கூட்டத்தைப் பகலில் படமெடுத்தார். பழுத்த தொழில்காரர், நல்ல கேமரா. இத்தகைய புகார்களை ஆராய அமெரிக்க உளவுத்துறை அடுத்த ஜனவரியில் கூட்டிய ராபர்ட்சன் அறிவியலாளர் குழு, அவை கடற்காகங்கள் என்றே கருதியது. எல்லாரும் அதை ஏற்கவில்லை. அந்தப் படத்தில் ஒப்பிட்டுப் பார்க்கத் தரையோ மரமோ அடிவானமோ எதுவும் இல்லை என்பதுதான் இன்றுவரை நீளும் சச்சரவுக்குக் காரணம்.

கூட்டமாக, ஆனால் சூரியனைச் சுற்றி மட்டும் நுண்ணிய வெள்ளிப் பொட்டுகள் மிதந்தால் அது வேறு. கோடைத் தொடக்கத்தில் எருக்கங்காய் வெடித்துப் பஞ்சுவிதைகள் கிளம்பும், இலவம்பஞ்சும் அப்படித்தான். சுவர் விளிம்பால் சூரியனை மறைத்துக்கொண்டு, அந்த விளிம்பை ஒட்டிய வானத்தைப் பார்த்தால் ஒவ்வொன்றும் குட்டி விளக்காக எரியும். சூரியனிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போனதும் கண்ணுக்குத் தெரியாது. ஊதினால் பறந்துவிடும் அந்தப் பஞ்சு பத்து மீட்டர் தூரத்தில்தான் இருக்கும், பார்ப்பவர் அதைப் பத்துக் கிலோமீட்டரில் வைத்துப் பார்க்கிறார்.

அறிகுறி 4: "கண்ணால பார்க்கல, படத்துல மட்டும் இருக்கு"

இதற்கு என் தீர்ப்பு கண்டிப்பானது. எடுத்தவர் அந்த நேரத்தில் கண்ணால் பார்க்காத பொருளை வானத்துப் பொருளாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் கேமராவைச் சந்தேகியுங்கள்.

படத்தில் சூரியனோ அதன் பளபளப்போ இருக்கிறதா? சூரியனிலிருந்து படத்தின் நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுங்கள். மறுபக்கத்தில் அந்தக் கோட்டின் மேல் உங்கள் பொருள் உட்கார்ந்திருந்தால் அது லென்ஸுக்குள் உண்டான எதிரொளிப்பு. பச்சையோ ஊதாவோ கலந்த சின்னத் தட்டாக இருக்கும், கேமராவைத் திருப்பினால் எதிர்ப்பக்கம் ஓடும். பேருந்துச் சன்னலுக்குள்ளிருந்து எடுத்ததா என்றும் கேளுங்கள். உள்ளே எரியும் விளக்கு கண்ணாடியில் பட்டு வானத்தில் தொங்கும்.

ஒரே ஒரு படத்தில் மட்டும் நீளமாக, ஓரம் மங்கலாக, இருண்ட பொருள் இருந்தால் லென்ஸுக்கு முன்னால் ஓர் அடி தூரத்தில் பறந்த பூச்சியைத்தான் பெரும்பாலும் பிடித்திருக்கிறீர்கள். மழை விட்ட வெயிலில் தட்டான்கள் மாடியெங்கும் பறக்கும் பருவத்தில் இந்தப் புகார்கள் கூடும்.

வட்டமாக, உள்ளே வளையங்களோடு துடிக்கும் "தட்டு" வீடியோ என்றால் ஜூமும் குவியமும்தான் காரணம். குவியம் தப்பிய எந்த ஒளிப்புள்ளியும் லென்ஸ் துளையின் வடிவத்தில் தட்டாக விரியும். கேமரா குவியத்தைத் தேடி முன்னும் பின்னும் போகப் போகத் தட்டு வீங்கிச் சுருங்கும். புதிய போன்கள் இதற்கு மேல் மென்பொருளால் ஓரங்களைத் தீட்டிக் கொடுக்கின்றன. இல்லாத சன்னலும் விளிம்பும் அதில் பிறக்கும். அதே போனில் அதே ஜூமில் தூரத்துத் தெருவிளக்கை எடுத்து ஒப்பிடுங்கள்.

யாரிடமிருந்து வந்தாலும் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய வீடியோவை வைத்து முடிவு சொல்லாதீர்கள். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். அப்போதுதான் எடுத்த நேரமும் முழுத் தெளிவும் கூட வரும். அசல் கோப்பு இல்லை, யாரோ அனுப்பினார்கள் என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

அறிகுறி 5: "நம்ப முடியாத வேகம்"

வேகம் என்று நாம் சொல்வது கோணம் மாறும் வேகத்தை. அருகில் பறக்கும் குருவியும் தூரத்து ஜெட்டும் ஒரே கோண வேகத்தில் கடக்க முடியும். உச்சியில், 10 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் பயணிகள் விமானம் விநாடிக்கு ஒன்றரை டிகிரி போலத்தான் நகரும். ஒரு சாணைக் கடக்க அதற்குப் பதினான்கு விநாடி ஆகும். உங்கள் பொருள் ஒரு சாணை எத்தனை விநாடியில் கடந்தது என்று எழுதுங்கள், கிலோமீட்டர் கணக்கு வேண்டாம்.

பார்ப்பவரும் நகர்ந்துகொண்டிருந்தால் இன்னும் சிக்கல். 2015-இல் அமெரிக்கக் கடற்படை விமானம் எடுத்த "கோ ஃபாஸ்ட்" வீடியோவில் ஏதோ ஒன்று கடலை உரசியபடி அம்பாகப் பறப்பது போலத் தெரியும். 2023 செப்டம்பரில் வெளியான நாசா குழுவின் அறிக்கை, திரையில் தெரியும் எண்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டது. பொருள் கடலை ஒட்டி இல்லை, ஏறக்குறைய 13,000 அடி உயரத்தில் இருந்தது. வேகம் மணிக்கு 40 மைல் போல, அந்த உயரத்துக் காற்றின் வேகத்துக்கு ஒத்தது. வேகமெல்லாம் படமெடுத்த விமானத்துடையது. ஓடும் ரயிலிலிருந்து எடுத்த வீடியோ வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

அறிகுறி 6: புகைத்தடம், நெருப்பு, சத்தம்

மாலையில் மேற்கு அடிவானத்தில், தீப்பிடித்த பொருள் ஒன்று நிமிடக்கணக்கில் மெல்ல இறங்குகிறது: நம்மை விட்டு விலகிப் போகும் ஜெட் விமானத்தின் குறுகிய நீராவித் தடம், மறையும் வெயிலில் சிவந்தது. விமானங்களின் பாதையைக் காட்டும் ஃபிளைட்ரேடார்24 தளத்தில் அந்த நேரத்துக்குப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். போர் விமானங்களும் டிரோன்களும் அதில் பெரும்பாலும் தெரியாது. அதில் இல்லை என்பதால் விமானம் இல்லை என்று ஆகிவிடாது.

வளைந்து நெளிந்து நிற்கும் பெரிய வெண்தடம், கிழக்குக் கரையோரம்: ஸ்ரீஹரிகோட்டாவில் அன்று ராக்கெட் ஏவினார்களா என்று பாருங்கள். சென்னையிலிருந்து வடக்கே 80 கிலோமீட்டர்தான். ஏவுகணைச் சோதனைகளும் இப்படித்தான். 2022 டிசம்பர் 15 மாலை அக்னி-5 பாய்ந்தபோது கிழக்கு இந்தியா முழுவதும் வானத்தைப் பார்த்து வியந்தது. இவற்றுக்கு முன்கூட்டியே விமானிகளுக்கான நோட்டாம் அறிவிப்பு வரும்.

சில விநாடிகளே நீடித்த கண்கூசும் ஒளி, பின்னால் புகைத்தடம்: எரிகல். அந்த ஒளியைப் பார்த்ததும் சன்னலை விட்டு விலகுங்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். 2013 பிப்ரவரி 15 காலை ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகர மக்கள் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று அறியச் சன்னலுக்கு ஓடினார்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் கழித்து அதிர்வலை வந்தது. ஏறக்குறைய 1,500 பேர் காயமடைந்தார்கள், பெரும்பாலும் உடைந்த கண்ணாடியால். ஒளிக்கும் சத்தத்துக்கும் இடையே எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர்.

ஒளியே இல்லாமல் சத்தம் மட்டும் வீட்டை அதிர வைத்தால், ஒலியை விட வேகமாகப் பறக்கும் போர் விமானத்தின் ஒலித்தடை முழக்கமாக இருக்கலாம். 2020 மே 20 பிற்பகலில் பெங்களூரு அதிர்ந்தபோது பாதுகாப்பு அமைச்சகமே சோதனைப் பறப்பு என்று விளக்கியது. சூலூரிலும் தஞ்சாவூரிலும் விமானப்படைத் தளங்கள் உள்ள நமக்கு இது புதிதல்ல.

அறிகுறி 7: "கீழ விழுந்து கிடக்கு"

சின்ன வெள்ளைப் பெட்டி, நூல், குட்டிப் பாராசூட், கிழிந்த ரப்பர் என்றால் வானிலைத் துறையின் ரேடியோசோண்ட். ஆபத்தில்லை, காவல் நிலையத்துக்குச் சொன்னால் போதும். பெரிய வண்ணப் பாராசூட்டோடு கருவிப் பெட்டி என்றால் ஐதராபாத் பலூனுடையது. உள்ளே யாரோ பல ஆண்டு உழைத்துச் சேர்த்த தரவு இருக்கும். திறக்காமல் காவல்துறைக்குத் தெரிவியுங்கள். 2022 டிசம்பரில் தெலங்கானாவின் விகாராபாத் மாவட்டத்தில் வயலில் இறங்கிய விசித்திரக் கூண்டும் இந்தத் தளத்திலிருந்து போனதுதான். ஸ்பெயின் நிறுவனம் ஒன்றின் விண்வெளிச் சுற்றுலாச் சோதனை.

கருகிய உலோக உருண்டையோ வளையமோ என்றால் கிட்டேயே போகாதீர்கள். 2022 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் இப்படி விழுந்தவை சீன ராக்கெட்டின் பாகங்கள் எனக் கருதப்பட்டன. சில ராக்கெட் தொட்டிகளில் நச்சு எரிபொருளின் மிச்சம் இருக்கக்கூடும்.

எதிலும் பொருந்தவில்லை என்றால்

தகவல் போதாதது, தகவல் இருந்தும் விளங்காதது என்ற இரண்டு நிலையைக் கலக்கக் கூடாது. பிரான்ஸ் விண்வெளி நிறுவனம் துலூஸ் நகரில் 1977 முதல் இதற்கென்றே ஒரு பிரிவை நடத்துகிறது, இப்போதைய பெயர் ஜைபான். அவர்கள் வழக்குகளை நான்காகப் பிரிக்கிறார்கள். ஏ என்றால் உறுதியாக அடையாளம் தெரிந்தது, பி என்றால் அநேகமாகத் தெரிந்தது, சி என்றால் தகவல் போதவில்லை, டி என்றால் நல்ல தகவல் இருந்தும் விசாரித்தும் விளங்கவில்லை. நம்மிடம் மர்மம் என்ற பெயரில் சுற்றுவதில் பெரும்பகுதி சி. அதை டி என்று சொல்வது அறிவியலுக்கும் துரோகம், நேர்மையாகப் பார்த்துச் சொன்னவருக்கும் துரோகம். அதேபோல உண்மையான டி ஒன்று கையில் வந்தால் பலூன் என்று சொல்லித் தள்ளிவிடுவதும் தப்பு.

2023 நவம்பர் 19, இம்பால் விமான நிலையம். பிற்பகல் 2.30 மணி வாக்கில் வானில் ஏதோ தெரிந்ததால் வான்வெளியை மூடினார்கள், விமானங்களைத் திருப்பிவிட்டார்கள். பின்னர் விமானப்படையின் ராஃபேல் போர் விமானங்கள் போய்த் தேடின, எதுவும் அகப்படவில்லை. மேலே சொன்ன முறையில் இதைத் தொட்டுப் பார்க்கலாம். வெள்ளியா? அந்த மாதம் வெள்ளி காலை வானத்துக் கோள். இம்பாலில் பிற்பகல் 2 மணியை ஒட்டியே மேற்கில் இறங்கிவிடும். ஆகவே அதைக் கழித்துவிடலாம். பலூனா? காற்றோடு ஒத்துப்போனதா என்று பார்க்க, இரண்டு வேறு நேரங்களின் திசையும் உயரக் கோணமும் வேண்டும். செய்திகளில் வந்ததை மட்டும் வைத்து அதற்கு மேல் நகர முடியாது. என் கணக்கில் இது சி.

உங்களுடையதும் அங்கே நின்றால் கவலை வேண்டாம், ஒழுங்காகப் பூட்டி வையுங்கள். அசல் கோப்பு, நின்ற இடம், தேதி, மணி, திசை, கோணம், ஐந்து நிமிடம் கழித்து எடுத்த அதே அளவுகள், கூட இருந்தவர் தனியாக எழுதிய குறிப்பு. அவரோடு பேசி ஒத்துப்போகும் முன்பே அவரை எழுதச் சொல்லுங்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் என்றால் தாமதிக்காமல் காவல்துறைக்குச் சொல்லிவிடுங்கள். மற்றபடி அவசரம் இல்லை. அன்றைய வானத்தை ஸ்டெல்லேரியம் எந்த ஆண்டுக்கும் திருப்பிக் காட்டும். சென்னை, காரைக்கால் பலூன்கள் அளந்த மேல்காற்று விவரம் வயோமிங் பல்கலைக்கழகத்தின் சேமிப்பில் நாள்வாரியாகக் கிடைக்கிறது. சில ஆண்டு கழித்து வேறொருவர் உட்கார்ந்து பார்க்கவும் அந்தக் குறிப்பு போதும்.